நீராட மறுக்கும் பிள்ளை

பெரியாழ்வார் திருமொழியைப் பிள்ளைத்தமிழின் வித்து என்று கூறுவது இலக்கிய வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. கூற்று பிழையன்று. ஆனால் வித்து என்று சொன்ன கையோடு மரத்தின் பெருமையைப் பேசச் சென்றுவிடுகிறோம். வித்தில் இருந்த ஒன்று மரத்தில் இல்லாமற் போனதை நாம் கவனிப்பதில்லை. தில்லியில், பத்தொன்பது மாதப் பேரன் ஓடித் திரியும் மூன்றாம் மாடி வீட்டில் அமர்ந்து இவ்விரண்டையும் மீண்டும் படித்தபோதுதான் எனக்கு அது புலப்பட்டது.

இல்லாமற் போனது குழந்தையின் மறுப்பு.

12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, பருவம் பத்து, பருவத்துக்குப் பாடல் பத்து என்று அவ்விலக்கியம் வரம்பு கட்டி வளர்ந்தது. அங்கே குழந்தை அரசனாகவோ தெய்வமாகவோ கொலுவிருக்கிறது. புலவர் சப்பாணி கொட்டுக என்கிறார், வருக என்கிறார். கொட்டுமா, வருமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் சொல்லழகை நான் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன். எனினும் அந்நூலை மூடிவிட்டு வீட்டைப் பார்த்தால், பால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பவன் வேறொருவன். (அடிகள் பாடிய பிள்ளைத்தமிழ் இரண்டும் மதுரைக்கும் புள்ளிருக்குவேளூருக்கும் உரியவை. காசியைப் பாடியபோது அவரிடமிருந்து கிடைத்தது கலம்பகம். காசியில் தமிழ் மழலை அவர் செவியில் விழவில்லை போலும் என்று நான் எண்ணுவதுண்டு. இது ஆராய்ச்சியன்று, அயலூரில் வாழ்பவனின் கற்பனை.)

கட்டிலுக்கடியில் இருப்பவனைப் பாடியவர் பெரியாழ்வார். இரண்டாம் பத்தில் வரும் நீராட்டல் பதிகத்தைப் பாருங்கள். பிள்ளையின் உடம்பெல்லாம் வெண்ணெய் நாற்றம், புழுதி. இப்படியே இன்றிரவு படுக்க விடமாட்டேன் என்கிறாள் யசோதை. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கிறாள். அவன் வருவதாயில்லை. கன்றின் காதில் கட்டெறும்பை விட்டால் கன்றுகள் ஓடிவிடும். பிறகு வெண்ணெய்க்கு எங்கே போவாய் என்று நியாயம் பேசுகிறாள். இன்று உன் பிறந்த நாளாகிய திருவோணம் என்கிறாள். அப்பமும் சிற்றுண்டியும் ஆசை காட்டுகிறாள். நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று நாணமூட்டுகிறாள். இவற்றிடையே ஓர் உண்மையும் அவள் வாயிலிருந்து நழுவிவிடுகிறது: புழுதி படிந்த உன் மேனியைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் பார்ப்பவர் குறை சொல்வார்களே! தாயுள்ளத்தின் இவ்விரு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்ன கவிதைகள் மிகச் சில.

குழந்தைக்கு இங்கே ஒரு சொல்லும் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே அவன் "மாட்டேன்" என்பது நமக்குக் கேட்கிறது. அம்மறுப்புத்தான் அடுத்த பாட்டைப் பிறப்பிக்கிறது. முதல் அழைப்பிலேயே அவன் வந்திருந்தால் பதிகம் ஏது? ஒன்பது பாடல் கெஞ்சியபின், பத்தாவது பாடலில்தான் அவள் நீராட்டிய செய்தி வருகிறது.

அயலார் பிராது சொல்லும் பதிகத்திலும் இதே உயிரோட்டம். வெண்ணெயை விழுங்கிவிட்டு, வெறுங்கலத்தைக் கல்லில் எறிந்து, உடையும் ஓசை கேட்டு மகிழ்கிறானாம். எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ஒருநாள் படியேறி வந்து இந்தியில் முறையிட்டார். ஈராண்டாக அவர் முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்த்ததில்லை. முறையிட வந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிராதும் ஓர் உறவு என்பதை ஆய்ப்பாடிப் பெண்கள் அறிந்திருந்தனர்.

இனி என் குறையைச் சொல்கிறேன். ஆய்ப்பாடி தில்லியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கும் வடமதுரை வட்டாரத்தது. அந்த வடநாட்டுப் பிள்ளையை வில்லிபுத்தூரில் இருந்தபடி தமிழால் கொஞ்சி வளர்த்தார் ஆழ்வார். தமிழ்ப் பிள்ளையை வடநாட்டில் வளர்க்கும் நாம் அவனை நீராட அழைக்க எத்தனை சொல் செலவிடுகிறோம்? காலை ஏழு மணிக்கு என் மருமகள் சொல்வது இரண்டே சொல்: "சலோ, குளி." அவளுக்கு எட்டேகாலுக்குப் பேருந்து, அவளைக் குறை கூறேன். அவன் "நஹீ" என்பான். தூக்கிக்கொண்டு போய் நீரூற்றுவாள். மறுப்பு அத்தோடு முடிகிறது, பேச்சும் முடிகிறது. மாலையில் அகரவரிசைப் படப்புத்தகத்தை நான் விரித்தால் அவன் அதைக் கடிக்கிறான்.

சென்ற ஞாயிறன்று அப்பதிகத்தின் பொருளை மருமகளுக்குச் சொன்னேன். சிரித்தாள். பிறகு அவளே கட்டிலருகே உட்கார்ந்து, எதிர்ப்பூங்காவின் நாய்க்குட்டி, கட்டெறும்பு என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினாள். அவன் தலையை நீட்டி, "கத்தெம்பு?" என்றான். அதை விளக்க வேறொரு கதை வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. தை மாதத் தில்லிக் குளிரில் வாளி நீர் ஆறிப்போய்விட்டது. மறுபடியும் காய வைத்தோம்.