‘மனித யந்திரம்’ கதையும் தொழில்நுட்ப மிகைப்பயன்பாட்டு ஆய்வுகளும்

பணியிடத்தில் தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது பணியாளர் நலனைப் பாதிக்கிறது என்னும் கருதுகோளுடன் மேலாண்மையியல், வணிகவியல் துறைகளில் ஆய்வேடுகள் தொடர்ந்து எழுதப்படுகின்றன. 1984-இல் கிரேக் பிராடு ‘தொழில்நுட்ப அழுத்தம்’ என்னும் கருத்தைத் தம் நூலின்வழிப் பரப்பினார். 2007-இல் மோனிதீபா தரஃப்தாரும் பிறரும் அதனை மிகுசுமை, ஊடுருவல், சிக்கல், பாதுகாப்பின்மை, நிலையின்மை என ஐந்தாகப் பகுத்தனர். பகுப்பில் குறையில்லை. ‘மிகைப்பயன்பாடு’ என்னும் சொல்லே இடறுகிறது. ‘பயன்படுத்துபவர்’ என ஒருவரைச் சுட்டியதும் மிகைக்குரிய பொறுப்பும் அவர்மீதே சுமத்தப்படுகிறது.

இங்குப் புதுமைப்பித்தனின் (1906–1948) ‘மனித யந்திரம்’ சிறுகதையை மறுவாசிப்புச் செய்வது பயன்தரும். நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்ற அவர் படைத்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கடைக் குமாஸ்தா. பல்லாண்டுகளாகப் பிறருடைய வரவு செலவை எழுதிவருபவர். ஓரிரவு கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு, கொழும்புக்குப் போய்விடும் கனவோடு ரயிலடிக்குச் செல்கிறார். பின்னர் மனம் மாறித் திரும்பி, பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தாம் செலவிட்ட சிறுதொகையைத் தம் பற்றில் எழுதிவைக்கிறார். இதனை நேர்மை என்றும் வாசிக்கலாம். அச்சம் என்றும் வாசிக்கலாம். தலைப்பு இவ்விரண்டையும் தாண்டிச் செல்கிறது. கதையில் எடுத்துச் சொல்லத்தக்க இயந்திரம் ரயில் ஒன்றே. அதுவோ அவருக்கு விடுதலையின் வாயில். அவரை இயந்திரமாக்கியது பேரேடு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உறவு. கருவி ஏதுமின்றியே ஒரு மனிதர் இயந்திரமாகக் கூடும் என்பதை இக்கதை காட்டுகிறது. பணியாளர் நல ஆய்வுகள் இதனைக் கணக்கில் கொள்வதில்லை.

கைபேசியால்தான் அலுவல் வீட்டிற்குள் நுழைந்தது என்னும் கூற்றும் தாமிரபரணிக் கரையில் எளிதில் நிற்பதில்லை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கு வீடே பணியிடம். இலையும் தூளும் கடையிலிருந்து வரும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என அமையும். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே பீடித்தட்டு மடியில் இருக்கும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் பெற்று வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் தொழிலாளர் என ஏற்றது. நடைமுறையில் குறைகள் பல. எனினும் வீட்டு நேரத்திற்குள் உழைப்பு இருப்பதைச் சட்டம் கண்டது. அலுவலக நேரத்திற்குப் பின் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஆணைக்கு அத்தகைய ஏற்பு இன்னும் கிடைக்கவில்லை. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் தொடர்பறுக்கும் உரிமை நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 2018-இல் சுப்ரியா சுலே மக்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

கங்கைகொண்டான் தொழில்நுட்பப் பூங்காவையோ மத்தளம்பாறை சோஹோ வளாகத்தையோ மட்டும் களமாகக் கொண்டால் இச்சிக்கல் மென்பொருள் துறையினுடையதாகத் தோன்றும். அங்கன்வாடிப் பணியாளர் 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிவேற்ற வேண்டியவராக இருக்கிறார். அவருடைய கைபேசி நேரத்தை ‘மிகை’ என்பது எவ்வகையில் பொருந்தும்?

பீடித்தட்டுக்கும் கைபேசிக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைக்கலாகாது. அன்றைய எண்ணிக்கை நிறைந்ததும் தட்டை இறக்கிவைக்க முடிகிறது. பிள்ளையின் பேரேட்டிலும் இரவில் கணக்கு முடிப்பு உண்டு. குறுஞ்செய்திக்கோ எண்ணிக்கையும் இல்லை, முடிப்பும் இல்லை. தரஃப்தார் முதலியோர் சொல்லும் ‘ஊடுருவல்’ நெல்லைக்குப் பழையது, முடிப்பின்மையே புதியது. ஆகவே ‘நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கைபேசியைப் பயன்படுத்துகிறீர்கள்?’ என்னும் வினாவைவிட, ‘இரவு ஒன்பது மணிக்கு வந்த செய்திக்கு மறுநாள் காலையில் விடையளித்தால் என்ன நேரும்?’ என்னும் வினாவே வினாநிரலில் முதலில் இடம்பெற வேண்டும். அவ்வினாவைப் பணியாளரிடம் மட்டுமன்றி, செய்தி அனுப்பிய மேலாளரிடமும் கேட்க வேண்டும்.