ஒரே தாள், பசை கிடையாது: சத்தானியின் மடிப்பு அட்டைகள் பற்றி

கையால் செய்யும் வாழ்த்து அட்டை என்று தேடிப் பாருங்கள். வருவதில் பெரும்பாலும் ஒட்டு வேலைதான். பூ வெட்டி ஒட்டு, ரிப்பன் ஒட்டு, ஓரத்தில் மினுமினுப்புத் தூள் தூவு. குறை சொல்லவில்லை, பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அங்கே அட்டை என்பது பொருட்களைத் தாங்கும் தரை மட்டும்தான். நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறதே, அதுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த மடிப்பையே எல்லா வேலையும் செய்ய வைத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

மசாஹிரோ சத்தானி. ஜப்பானிய கட்டடக்கலைஞர், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1981 வாக்கில் தாளை வெட்டியும் மடித்தும், திறந்தால் எழுந்து நிற்கும் அட்டைகளைச் செய்து பார்க்க ஆரம்பித்தார். அதற்கு ‘ஒரிகாமிக் ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர் வந்தது. கெய்கோ நகசாவா போன்றவர்கள் அவருடன் சேர்ந்து வேலை செய்தார்கள், வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. 2008-ல் சத்தானி காலமானார். பெயரில் ஒரிகாமி இருந்தாலும் இது சுத்த ஒரிகாமி இல்லை. ஒரிகாமிக்காரர்கள் கத்தியைத் தொட மாட்டார்கள். வெட்டவும் செய்வதால் இது கிரிகாமிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்ன என்று பார்த்தால், அடிப்படை வகையில், ஒரே தாள். எதையும் ஒட்டுவது இல்லை, எதையும் சேர்ப்பது இல்லை. அட்டையை 90 டிகிரி திறந்தால் உருவம் நிற்க வேண்டும், மூடினால் முழுக்கத் தட்டையாகிவிட வேண்டும். அவ்வளவுதான். நம்ம ஆட்கள் பாஷையில் சொன்னால் ஸ்பெசிபிகேஷன் ரெண்டு வரி.

இதன் கணக்கு ரொம்பச் சின்னது, ஆனால் அழகு. நடு மடிப்புக்கு மேலே இருக்கும் பாதி சுவர், கீழே இருக்கும் பாதி தரை. 4 செ.மீ. உயரம், 3 செ.மீ. ஆழம் உள்ள ஒரு பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடு மடிப்புக்கு மேலே 4 செ.மீ.யில் ஆரம்பித்து கீழே 3 செ.மீ. வரை, மொத்தம் 7 செ.மீ. நீளத்துக்கு இரண்டு இணையான வெட்டு. மேல் முனையில் ஒரு பள்ள மடிப்பு, கீழ் முனையில் ஒரு பள்ள மடிப்பு. இரண்டுக்கும் நடுவில், நடு மடிப்புக்கு 1 செ.மீ. மேலே, ஒரு மேட்டு மடிப்பு. ஏன் 1? நாலிலிருந்து மூன்றைக் கழியுங்கள். பெட்டியின் அகலத்துக்குள் மட்டும் நடு மடிப்பை மடிக்கக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் அதுதான்.

மூடும்போது இதே எண்கள் கூட்டலாகிவிடுகின்றன. பெட்டியின் முன் விளிம்பு நடு மடிப்பிலிருந்து 4+3=7 செ.மீ. தள்ளிப் போய் நிற்கும். அட்டையின் பாதி 10 செ.மீ. என்றால் பிரச்சினை இல்லை. 6 செ.மீ. என்றால் பெட்டி வெளியே எட்டிப் பார்க்கும், உறைக்குள் போகாது. ஆக, திறந்த தட்டையில் வித்தியாசம், மூடிய தட்டையில் கூட்டுத்தொகை. எத்தனை பெரிய மாளிகையாக இருந்தாலும், சுவருக்கும் தரைக்கும் இணையான பலகைகளால் ஆன எந்த அட்டைக்கும் இந்த ரெண்டு எண்ணும் போதும்.

இந்த இடத்தில்தான் இந்த வகையின் சிறந்த வேலை எது என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது. இணையத்தில் அதிகம் பகிரப்படுபவை பிரபலக் கட்டடங்கள். தாஜ்மஹால், ஈஃபில் கோபுரம் இப்படி. பார்த்ததும் ‘அட!’ என்கிறோம். ஆனால் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தால், அந்த ‘அட’ கத்திக்குப் போகிறது, மடிப்புக்கு இல்லை. ஜன்னல் ஜன்னலாக வெட்டியதில்தான் உழைப்பு. மடிப்பு ஓர் ஓரமாக, தாங்கு கட்டையாக மட்டும் நிற்கிறது. மறுபடி அது தரையாகிவிட்டது, ஒட்டு வேலை அட்டையில் இருந்ததுபோலவே.

மாறாக, வெறும் படிக்கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதன் சாயலும் இல்லை. 6 உயரம் 1 ஆழம், 5 உயரம் 2 ஆழம், 4 உயரம் 3 ஆழம் என்று இறங்கும் படி. ஒவ்வொரு படியின் முனையையும் கூட்டிப் பாருங்கள், எல்லாம் 7. அதாவது மூடும்போது அத்தனை முனைகளும் ஒரே கோட்டில் வந்து படிகின்றன, உள்மூலைகள் எல்லாம் 6-ல் இன்னொரு கோட்டில். மெல்ல மூடினால் மாடிப்படி ஒரு விசிறியாகச் சுருங்கி மறைகிறது. வாழ்த்து அட்டை என்பது திறக்கிற பொருள். அதன் கலை அந்தத் திறப்பில்தான் இருக்கணும். நின்ற பிறகு எதைப்போல இருக்கிறது என்பது எனக்கு ரெண்டாம் பட்சம்.

நிறமும் அப்படித்தான். சத்தானியின் பல அட்டைகள் வெறும் வெள்ளை. சிக்கனம் இல்லை, கணக்கு. ஒரே வெள்ளைத் தாளில் மேல் பலகை வெளிச்சத்தையும் முன் பலகை நிழலையும் வாங்கிக்கொள்ளும்போது இரண்டு வெள்ளைகள் கிடைக்கின்றன. அங்கே சிவப்பு அடித்தால் கண் நிறத்தைப் பார்க்கும், நிழலை விட்டுவிடும்.

இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு ஜாதி. 180 டிகிரி முழுக்கத் திறந்தால் நடுவில் ஒரு மரமோ கப்பலோ எழும். லேசரால் வெட்டிய துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, அடியில் ஒட்டியிருப்பார்கள். 2014-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆரம்பித்த லவ்பாப் இந்த வகைக்குப் பெரிய சந்தையைக் காட்டியது. அதைத் தொடங்கிய இருவரும் கப்பல் வடிவமைப்பு படித்தவர்கள், வியட்நாம் பயணத்தில் பார்த்த அட்டைகளிலிருந்து யோசனை பிறந்தது. குறுக்குத் தகடுகளைச் செருகி உருவம் கொண்டுவருவது கப்பல் கூடு கட்டுகிறவருக்குப் பழகின சிந்தனைதானே. பொறியியலாக அது நல்ல வேலை, மறுக்க முடியாது. என் மறுப்பு வேறு இடத்தில்.

மதுரையில் இருக்கும் என் அத்தைக்கு வயது எண்பதுக்கு மேல். ஒரு வருஷம் கடையில் வாங்கின 180 டிகிரி அட்டை ஒன்று கொடுத்தேன், அடுத்த வருஷம் என் மகள் வெட்டிய வெள்ளைப் படிக்கட்டு. முதலாவதை ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு, மூடி பீரோவில் வைத்துவிட்டார். அதைத் திறந்து வைக்க மேசையில் ஒரு முழம் இடம் வேண்டும், மேலே இருந்து குனிந்து பார்க்கணும். இரண்டாவது எல் வடிவில் தானாக நிற்கிறது. டிவி பக்கத்தில் சுவரோரமாக வைத்துவிட்டார். “காலையில ஜன்னல் வெளிச்சம் வர்றப்ப இது வேற மாதிரி இருக்குடா” என்று போனில் சொன்னார். நிழலைப் பற்றி நான் மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நம்ம துறைக்காரர்கள் இதிலும் புகுந்திருக்கிறார்கள். 2006-ல் உயேஹராவும் தெரமோத்தோவும், தாறுமாறாக அமைந்த ஒரு பாப்-அப் புத்தகத்தைத் திறக்கவோ மூடவோ முடியுமா என்று கண்டுபிடிப்பதே பொதுவாக என்.பி.-ஹார்டு என்று காட்டினார்கள். ஆனால் எல்லாப் பலகையும் சுவருக்கோ தரைக்கோ இணை என்ற சத்தானி பாணியில் கட்டிப்போட்டால் வழி பிறக்கிறது. 2010 சிக்கிராஃப் மாநாட்டில் ஒரு குழு, முப்பரிமாண மாதிரியைக் கொடுத்தால் வெட்டும் மடிப்பும் வரைந்து தரும் நிரல் முறையை வெளியிட்டது. வருகிற அட்டை மடியும், ஆடாமல் நிற்கும் என்கிற உத்தரவாதத்தைத் தேடிய வேலை அது. எனக்குப் பிடித்த ஆய்வு. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ‘இந்த உருவம் மடியுமா’ என்பது. ‘எந்த உருவத்தை மடிக்கலாம்’ என்பது அதன் வேலை இல்லை. உருவத்தை முன்பே முடிவு செய்து கொண்டு போய்க் கொடுக்கிறோம், அது தாளுக்குத் தோதாகப் படிப்படியாக வெட்டித் தருகிறது. மடிப்பிலிருந்து உருவம் பிறப்பது அங்கே நடப்பதில்லை.

வெட்டும் இயந்திரம் பயன்படுத்தினால் அது ‘கையால்’ செய்ததா என்று ஒரு சண்டை எப்போதும் ஓடும். கத்தி யார் கையில் இருந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. எண்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பேன். இறக்கிய வடிவத்தை நாலு மணி நேரம் கையால் வெட்டியவரைவிட, தானே 6, 5, 4 என்று யோசித்து இயந்திரத்தில் வெட்டியவர்தான் என் கணக்கில் அட்டை செய்தவர்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சாதாரண சார்ட் தாள் தொய்ந்துவிடும். கல்யாணப் பத்திரிகைக் கடையில் கிடைக்கும் ஐவரி அட்டையில் 200 ஜி.எஸ்.எம். அளவு சரி. மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். எல்லா மடிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே நேரத்தில் கொண்டு வரணும். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் தாள் கசங்கும்.

முதல் பெட்டி வந்துவிட்டால் 4, 3-க்குப் பதிலாக 3, 3 போட்டுப் பாருங்கள். கழித்தால் பூஜ்யம். மேட்டு மடிப்பு நேராக நடு மடிப்பின் கோட்டிலேயே வந்து விழும். ஒரே கோடு, பெட்டிக்கு வெளியே பள்ளம், உள்ளே மேடு. என் மகள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, கோடு போடவே வேணாமா இதுக்கு?” என்றாள். ஆமாம், மேலே ஒன்று, கீழே ஒன்று, ரெண்டு கோடு போதும்.