வாடகை கேட்காத காடு

அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரைத் தாண்டி அரைமணி நேரம் ஓட்டினால் தார்ச்சாலை தீர்ந்து எரிமலைச் சரளை போட்ட வனப்பாதை தொடங்கிவிடும். இருபுறமும் பாண்டரோசா பைன் மரங்கள். வெயில் ஏறியபின் அவற்றின் பட்டையை முகர்ந்தால் வெனிலா வாசம் வரும். ஏதோ ஒரு வளைவில் சின்னதாக ஒரு வெட்டவெளி, அதன் நடுவே கரிபிடித்த கற்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டி, டென்ட் அடித்து, 14 நாள் வரை தங்கலாம். சீட்டு வாங்க வேண்டியதில்லை, ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. கழிப்பறை, குழாய்த் தண்ணீர், குப்பைத்தொட்டி எதையும் எதிர்பார்க்கவும் முடியாது. இது கொக்கோனினோ தேசிய வனம்.

அமெரிக்க வனத்துறையின் ஏடுகளில் இதற்குச் 'சிதறிய முகாம்' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அமைத்துக்கொடுத்த முகாம் திடலுக்கு வெளியே, அவரவர் இடம் பார்த்துத் தங்குவது என்று அர்த்தம். வண்டியோடு தங்குகிறவர்கள் 'பூன்டாக்கிங்' என்பார்கள். 'பூன்டாக்ஸ்' என்ற சொல், மலையைக் குறிக்கும் தகலாக் மொழிச் சொல்லிலிருந்து பிலிப்பைன்ஸ் போன சிப்பாய்கள் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. தேசியப் பூங்காவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூங்கா என்றால் பெரும்பாலும் வாசலில் கட்டணம், இரவு தங்க அனுமதிச் சீட்டு, ஆள்கணக்கு எல்லாம் உண்டு. தேசிய வனம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருவது. மரம் வெட்டுதல், மேய்ச்சல், நீர்வளம், வேட்டை, பொழுதுபோக்கு என எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டிய நிலம் அது. இப்படி 154 வனங்கள் இருக்கின்றன. புல்வெளிகளையும் சேர்த்தால் சுமார் 19.3 கோடி ஏக்கர்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு முதலில் தோன்றுவது திகைப்புதான். நம் ஊரில் காப்புக்காடு என்றால் செக்போஸ்ட், கார்டு, 'அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்ற பலகை. இத்தனைக்கும் இரண்டு வனத்துறைகளும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவை. 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரியான டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரைத் தேடிப்போய் யோசனை கேட்டு வனவியல் படித்தவர்தான், 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோ. ஒரே பாடம் அங்கே கதவைத் திறந்துவைத்தது. இங்கே 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், தலைமுறை தலைமுறையாக விறகும் மேய்ச்சலும் கண்ட குடியானவனுக்கே கதவைச் சாத்தியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்தத் திறந்த கதவின் அருமையும் தெரியும், அதன் வழியாக எதெல்லாம் வெளியே போகிறது என்பதும் தெரியும்.

அருமையை முதலில் சொல்லிவிடுவோம். விடுமுறை என்பதே முன்பதிவாக மாறிவிட்ட நாடு அது. பல முகாம் திடல்களுக்கு ஆறு மாதம் முன்பே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்தச் சனிக்கிழமை ஓய்வு கிடைக்கும் என்று அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஷிஃப்ட் முறையில் கடையிலும் கிடங்கிலும் வேலை பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை மாலை தோன்றியதும் கிளம்பிப் போக அவருக்கு வழிவிடுவது இந்த இலவசக் காடுதான். காசு மிச்சம் என்பதைக் காட்டிலும் இது பெரிய சமத்துவம்.

அடுத்தது தனிமை. முகாம் திடலில் பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் உறுமும். எதிர்க் கூடாரத்துக் குழந்தை அழும். இங்கே இரவில் பைன் ஊசிகளில் காற்று போகும் சத்தம் மட்டும். 2001-இல் உலகின் முதல் 'இருள்வான் நகரம்' என்று அறிவிக்கப்பட்ட ஊர் ஃபிளாக்ஸ்டாஃப். தெருவிளக்குகளை அடக்கி வைத்திருக்கும் அந்த ஊரைச் சுற்றியுள்ள காட்டில் அண்ணாந்து பார்த்தால் பால்வழி தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, தன்கையே தனக்குதவி என்ற பயிற்சி. குடிநீரை எடுத்துப் போக வேண்டும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறை இலவசமாகத் தரும் வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். வறண்ட அரிசோனாவில் காட்டுவிலங்குகள் நீர் குடிக்கும் குட்டையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடுவது மாநிலச் சட்டப்படி குற்றம். அதுவும் தெரிந்திருக்க வேண்டும். மனிதன் பக்கத்தில் படுத்திருந்தால் மான் தண்ணீருக்கு வராது என்ற எளிய உண்மை அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. 'தெரிந்திருக்க வேண்டும்' என்று சொன்னோம். தெரிந்திருக்கிறதா என்று கேட்பார் யாருமில்லை. வாசல் இல்லாத இடத்தில் காசு வாங்க ஆளில்லை, சரி. அதே காரணத்தால் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனம் காசு வாங்காததில் இல்லை. காசோடு சேர்த்துப் பேச்சையும் வேண்டாம் என்று விட்டதில் இருக்கிறது.

கழிப்பறை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 200 அடி, அதாவது எழுபது எட்டு தள்ளிப் போக வேண்டும். சின்னக் கைக்கரண்டியால் ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழம் தோண்டி, வேலை முடிந்ததும் மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவருவது உத்தமம். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இது. 2022 ஜூனில் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடக்கே, காட்டில் தங்கியிருந்த ஒருவர் கழிப்பறைக் காகிதத்தைக் கொளுத்திக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டார். மறுநாள் மூண்ட 'பைப்லைன்' காட்டுத்தீ 26,000 ஏக்கருக்கு மேல் தின்றது. தீ மூட்டத் தடை என்ற பலகையைத் தான் பார்க்கவில்லை என்று அவர் விசாரணையில் சொன்னார். பொய்யாகவே இருக்கட்டும், பலகையைப் பார்த்தாயா என்ற கேள்வி காடு எரிந்த பிறகுதான் எழுந்தது என்பது மட்டும் மெய்.

2010-இல் ஃபிளாக்ஸ்டாஃபை ஒட்டிய அதே காட்டில் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து 'ஷூல்ட்ஸ்' தீ கிளம்பியது. ஜூன் 20 அன்று மூண்டு, சுமார் 15,000 ஏக்கரை எரித்தது. அரிசோனாவில் ஜூன் வறண்ட மாதம். ஜூலையில் பருவமழை கொட்டும். வேரும் சருகும் எரிந்துபோன மலைச்சரிவில் நீர் நிற்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று, வெள்ளம் சாம்பலும் பாறையுமாகக் கீழே உள்ள குடியிருப்புகளுக்குள் இறங்கியது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அடித்துக்கொண்டு போனது. அந்த முகாமில் தங்கியவருக்கு அன்றைய இரவு இலவசம். விலையைக் கொடுத்தது அங்கே தங்காத ஒரு குடும்பம்.

இதற்கு முரட்டு மனிதர்கள்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2011-இல் கிழக்கு அரிசோனாவில், 'பேர் வாலோ' காப்புவனத்தில் முதுகுப்பையோடு நடந்துபோன உறவினர் இருவர் இரவு தங்கினார்கள். காலையில் நெருப்பு அணைந்துவிட்டதா என்று பார்க்க மிட்டாய்க் காகிதம் ஒன்றை அதில் போட்டார்கள். காகிதம் உருகவில்லை. அணைந்துவிட்டது என்று நம்பி நடக்கப் போனார்கள். 'வாலோ' தீ என்று பெயர் பெற்ற அது 5.38 லட்சம் ஏக்கரை எரித்தது. அரிசோனாவின் வரலாற்றில் அதைவிடப் பெரிய காட்டுத்தீ இல்லை. அணைக்க 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அவர்கள் அலட்சியமாகக்கூட இருக்கவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். சோதிக்கும் முறைதான் தெரியவில்லை.

தீ இல்லாவிட்டாலும் சிதைவு உண்டு. 'சிதறிய' என்ற பெயரே ஒரு நம்பிக்கையில் பிறந்தது: எல்லாரும் பரவித் தங்கினால் யாருடைய சுவடும் ஆழமாகப் பதியாது என்ற நம்பிக்கை. டேவிட் கோல் போன்ற ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் முகாம் இடங்களை அளந்து கண்டது வேறு. புல் நசுங்குவதும் மண் இறுகுவதும் பெரும்பாலும் முதல் சில இரவுகளிலேயே நடந்துவிடுகின்றன. ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் ஐம்பதாவது ஆள் படுத்தால் புதிதாகப் பெரிய கெடுதல் இல்லை. புது இடத்தில் ஐந்தாவது ஆள் படுத்தால் அங்கே ஒரு முகாம் பிறந்துவிடும். ஆக, ஆள் நடமாட்டம் மிகுந்த காட்டில் 'தள்ளிப் போய்ப் படு' என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் தவறான யோசனை. ஆளரவமற்ற காட்டில் அதுவே சரியான யோசனை. இரண்டுக்கும் ஒரே பெயரையும் ஒரே விதியையும் வைத்திருப்பது இந்த முறையின் சிந்தனைப் பிழை.

யாருமில்லாத இடம் என்ற நினைப்பிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேலே நிற்கும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள் ஹோப்பி, நவஹோ உள்ளிட்ட பழங்குடிகளுக்குப் புனித மலை. அவர்களுக்கு இது கோயில் வளாகம். வார இறுதியில் முகாமிட வருபவருக்கு இது புறம்போக்கு.

வீடாகவே காட்டை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் வேனுக்கும் டிரெய்லருக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கு, 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வாழ இந்த வனங்கள் புகலிடம். குடியிருப்பாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரை ஒட்டிய டெஷூட்ஸ் தேசிய வனத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி வாழ்ந்து வந்தார்கள். 2025 மே மாதம், தீ அபாயத்தைக் குறைக்க மரங்களைக் கழிக்கும் பணிக்காக அந்தப் பகுதி மூடப்பட்டது. அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வனத்துறை சொன்ன காரணம் நியாயமானது. அவர்கள் போக இடமில்லை என்றதும் நியாயமானது. வீட்டுவசதியில் தோற்ற நாடு தன் தோல்வியைக் காட்டின் கணக்கில் எழுதப் பார்த்தால் இப்படித்தான் முடியும்.

அப்படியானால் கட்டணம் போட்டுவிடலாமா? இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. வனத்துறையின் வரவுசெலவில் 1995-இல் 16 விழுக்காடாக இருந்த தீச்செலவு 2015-இல் பாதியைத் தாண்டியது. பாதை பராமரிக்கவும் காவலுக்கும் ஒதுக்கும் பணம் அந்த அளவுக்குச் சுருங்கியது. ஆனாலும் கட்டணம் வந்தால் முதலில் வெளியே நிற்பவர் அந்த ஷிஃப்ட் தொழிலாளிதான். காசு கொடுத்தவருக்கு ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 'காசு கொடுத்திருக்கிறேன், குப்பையை நீ அள்ளு' என்ற மனநிலைதான் வரும்.

இன்னொரு வழியைக் கொலராடோ காட்டியது. கூட்டம் தாங்க முடியாமல் போன கிரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றிய கன்னிசன் தேசிய வனப் பள்ளத்தாக்குகளில், 2021 முதல் எண் போட்டுக் குறித்த இடங்களில் மட்டும் தங்கலாம் என்று ஆக்கினார்கள், கட்டணம் வாங்கவில்லை. 2003-இல் எங்கும் நடக்கவும் தங்கவும் சட்ட உரிமை தந்த ஸ்காட்லாந்துகூட, லாக் லோமண்ட் ஏரிக்கரையில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு கேட்கிறது. உரிமை அப்படியே இருக்கிறது. நெரிசல் மிகுந்த இடத்திலும் காலத்திலும் மட்டும் அதற்குக் கரை கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் சரியாகப் படுவது கலிஃபோர்னியா முறை. அங்கே முகாம் திடலுக்கு வெளியே அடுப்போ நெருப்போ மூட்ட ஒரு சீட்டு வேண்டும். சீட்டுக்குக் காசில்லை. இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்து, சில கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும். சில நிமிட வேலை. சீட்டு வாங்கியவரெல்லாம் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. கலிஃபோர்னியா எரியாமலும் இல்லை. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற பதிலுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. கழிப்பறைக் குழி, நீர்நிலைத் தூரம், குப்பை, உணவைக் கரடிக்கு எட்டாமல் வைப்பது எல்லாவற்றையும் சேர்த்து இதே சீட்டை எல்லாத் தேசிய வனங்களுக்கும் விரிக்கலாம். நெரிசல் காடுகளில் எண் போட்ட இடங்கள், வறண்ட மாதங்களில் நெருப்புக்கு முழுத்தடை, ஆளரவமற்ற காடுகளில் பழைய சுதந்திரம். சீட்டைச் சரிபார்க்க ஆள் எங்கே என்று கேட்கலாம். 19.3 கோடி ஏக்கருக்குச் சில நூறு காவல் அதிகாரிகள்தான் இருக்கிறார்கள், கேள்வி சரிதான். ஆனால் சீட்டின் பயன் பிடிபடும்போது அபராதம் போடுவதில் இல்லை. கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க வைப்பதில் இருக்கிறது. காட்டை இலவசமாக வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும். நிபந்தனை இல்லாமல் வைத்திருக்க முடியாது.

அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. காலையில் கிளம்பும்போது கரிக்கட்டைகள் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்று. குச்சியால் அடிவரை கிளறு. பைன் ஊசிச் சருகுக்குக் கீழே கனல் பதுங்கியிருக்கும். மறுபடி ஊற்று, மறுபடி கிளறு. பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய், சூடில்லை என்று தெரிந்ததும் அதையே சாம்பலில் வைத்துப் பார். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நீ இன்னும் கிளம்பத் தயாராகவில்லை. 'பேர் வாலோ'வில் அன்று காலை மிட்டாய்க் காகிதத்துக்குப் பதிலாக ஒரு புறங்கை போதுமானதாக இருந்திருக்கும்.