வழுக்கிப் போகும் ஆறு

குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றிவரும் ட்ரோன் காணொளிகள் நாற்பதாவது பார்த்திருப்பேன். யார் எடுத்தாலும் ஒரே படம்தான். ஆற்றுக்கு நடுவில் கோயில், அதைச் சுற்றி ஒரு வட்டம், பின்னால் புல்லாங்குழல். சொதப்பலா என்றால் இல்லை. எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போகிறது. என் வருத்தமே அதில்தான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். அந்த வழுக்கல் சும்மா வருவதில்லை. கேமராவைப் பிடித்திருக்கும் மூன்று அச்சு கிம்பல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் எல்லாரும் வாங்குகிறோம். கிம்பல் சரிசெய்வது ட்ரோனின் ஆட்டத்தை. நம் கட்டைவிரலின் அவசரத்தை அல்ல. ஸ்டிக்கை வெடுக்கென்று திருப்பினால் படமும் வெடுக்கென்றுதான் திரும்பும். அதற்குத்தான் எக்ஸ்போ அமைப்பு. ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கிவிட்டால் லேசான தொடுதலுக்கு ட்ரோனும் லேசாகவே அசையும். 249 கிராம் எடையுள்ள மினி 2 போன்றவற்றில் சினிமா மோடு போட்டால் வேகம் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் போகாது.

அடுத்தது ஷட்டர். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 இருக்கணும். அப்போதுதான் அசைவில் கொஞ்சம் கலங்கல் விழுந்து கண்ணுக்கு இதமாக இருக்கும். நம்மூர் உச்சி வெயிலில் எஃப் 2.8 லென்ஸ் 1/3200 கேட்கும். அப்படியே எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி மாதிரி கூர்மையாகி, படம் தத்தித் தத்திப் போகும். 64 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டினால் கணக்கு சரியாகிவிடும். பலர் இதைச் செய்யாமல் ட்ரோனைக் குறை சொல்கிறார்கள்.

அப்புறம் காத்து. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மினி 2 தாங்குவதாகச் சொல்லப்படும் காற்று நொடிக்கு 10.5 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர். எதிர்காற்றில் ட்ரோன் சாய்ந்துகொண்டே நிற்கும். கிம்பல் தன் எல்லைவரை ஈடுகட்டும். அதைத் தாண்டினால் அடிவானம் சரிந்துவிடும்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் வருவதும் இதே காற்றுக் காலத்தில்தான். அந்தக் காற்றிலும் ஆடாமல் எடுக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது தேர் தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. அப்படியா போகும்? சுமார் 450 டன் என்று சொல்லப்படும் தேர், முழுக்க மனிதர்கள் இழுப்பது. ஒரு குலுங்கல், நாலடி நகர்வு, முட்டுக்கட்டை, நிறுத்தம், மறுபடி கூச்சல். 2024 ஜூனில் வடம் மறுபடி மறுபடி அறுந்து தேர் நின்றது. நான் பார்த்த தொகுப்புகளில் அந்த நிற்றல் வெட்டப்பட்டிருந்தது. நகர்ந்த துண்டுகளை மட்டும் ஒட்டியிருந்தார்கள். தேரோட்டம் என்பதில் பாதி அந்த நிற்றல்தானே!

தேராவது திருவிழா. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் இது வேறு மாதிரி உறுத்தியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. கலெக்டர் ஆபீஸுக்குள் தண்ணீர். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். (அந்த நேரத்தில் சொந்த ட்ரோனை மேலே ஏற்றுவது மீட்புக்கு இடைஞ்சல்.) பிறகு வந்த காணொளிகளில் வெள்ளமும் அதே வட்டம், அதே இசை. கேமராவும் நகர்கிறது, தண்ணீரும் நகர்கிறது. எது எவ்வளவு வேகம் என்று யாராலும் பிரிக்க முடியாது. வாட்ஸப்பில் வந்த, மொட்டை மாடியிலிருந்து கை நடுங்க எடுத்த மொபைல் படத்தில் தண்ணீரின் மூர்க்கம் தெரிந்தது. பின்னால் ஒரு கரண்டுக் கம்பம் அசையாமல் நின்றதே காரணம்.

ட்ரோனை அசையாமல் நிறுத்தி, கேமராவை நேர் கீழே திருப்பினால் போதும். 24 மி.மீ. லென்ஸுக்கு நிகரான கேமராவில் ஃப்ரேமின் அகலம், உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 40 மீட்டர் உயரத்தில் 60 மீட்டர். அதை ஒரு மரக்கட்டை 20 நொடியில் கடந்தால் ஓட்டம் நொடிக்கு 3 மீட்டர். அழகுப் படம் ஒன்று தகவலாக மாறுகிறது, ஓசியில். ஒன்று மட்டும் கவனிக்கணும்: திரையில் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து, தண்ணீரிலிருந்து அல்ல.

பேட்டையிலிருந்து பக்கம்தானே என்று சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே போய் நானும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளமில்லாத சாதாரண நாள். திரையில் 30 மீட்டர், கரை மேடு 4 மீட்டர் சேர்த்து 34. அகலம் 51 மீட்டர். ஒரு அமலைச் செடிக் கொத்து கடக்க ஒரு நிமிஷம் ஆனது. நொடிக்கு 85 செ.மீ.

வீட்டில் மச்சானிடம் காட்டினேன். இருபது நொடி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், ஹேங் ஆயிருச்சா?" என்றான்.