ஹெச்.எம். ரூமில் கேமரா வைத்தால்...

தமிழ் சினிமாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல வாத்தியார்தான். மற்றவர்கள் வகுப்பில் தூங்குவார்கள், இல்லை வட்டிக்கு விடுவார்கள். சரி, ஹெச்.எம். என்ன செய்கிறார்? கவனித்திருக்கிறீர்களா?

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் நடக்கிற கதை, 'வாகை சூட வா' (2011). 1966-ல் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருகிறார் விமல். தேசிய விருது வாங்கிய நல்ல படம். ஒரே வாத்தியார் என்பதால் ஸ்டாஃப் ரூம் சண்டைக்கே வழியில்லை.

'சாட்டை'யில் (2012) சண்டை உண்டு. இயற்பியல் ஆசிரியர் சமுத்திரக்கனி எதைத் தொட்டாலும் உதவித் தலைமை ஆசிரியர் தம்பி ராமையா முட்டுக்கட்டை போடுவார். நடுவில் ஜூனியர் பாலையா ஹெச்.எம். சாது மனிதர். நல்லவர் பக்கம்தான் நிற்கிறார். ஆனால் நிற்க மட்டும்தான் செய்கிறார். 'ராட்சசி'யில் (2019) இதற்கு நேர்மாறு. ராணுவத்திலிருந்து வந்த ஜோதிகாவே ஹெச்.எம். ஒரு முறைப்பு, ஒரு பிரசங்கம், பள்ளி திருந்திவிடும். மலேசியக் கல்வி அமைச்சரே படம் பார்த்துப் பாராட்டினார். இங்கே ஆசிரியர் சங்கத் தரப்பிலிருந்து போலீசுக்குப் புகார் போனது.

புகார் அதிகப்படி. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆசிரியர், மறுநாள் காலை எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவார்? படத்துக்கு அந்த அக்கறையே இல்லை. தியேட்டரில் கைதட்டல் விழுந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

என் அத்தை கணக்கு டீச்சர். மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். லீவு போட்டவர்களின் பீரியடெல்லாம் தன் தலையிலேயே விழுகிறதே என்று ஒருநாள் ஹெச்.எம்.மிடம் கேட்டார். பதில் அப்போது வரவில்லை. மறுநாள் காலை பிரேயரில், பிள்ளைகள் முன்னால் மைக்கில் வந்தது: "சம்பளம் வாங்கத் தெரியுது, வேலை பார்க்கக் கசக்குதா?" பெயர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

அத்தை பதில் பேசவில்லை. ஆனால் மாலையில் பத்தாம் வகுப்புக்கு, யாரும் கேட்காமல், பைசா வாங்காமல் எடுத்துக்கொண்டிருந்த ஸ்பெஷல் கிளாஸை நிறுத்திவிட்டார். பெல் அடித்தால் பை, குடை, பஸ் ஸ்டாண்ட். இதற்கு மெமோ கொடுக்க முடியாது. எந்த விதியையும் அவர் மீறவில்லையே! ரிஜிஸ்டரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து வேறு ஹெச்.எம். வந்தார். பேச்சு குறைவு. யார் யாருக்கு எத்தனை மாற்று பீரியட் என்று எழுதிய நோட்டைத் தன் பீரோவிலிருந்து எடுத்து ஸ்டாஃப் ரூம் மேஜையில் போட்டார். அவ்வளவுதான், பாதிச் சண்டை போயிற்று. மீதிக்கு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டீ வரவழைத்துப் பேசினார். அடுத்த ஜூனில் அத்தையின் மாலை வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. நடுவில் பத்தாவது எழுதிய இரண்டு செட் பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். 22-ம் தேதி தொடங்கி 30-ல் வாபஸ். ஆயிரக்கணக்கானவர்களுக்கு 17-பி நோட்டீஸ் போனது. யார் வந்தார், யார் வரவில்லை என்று மேலே கணக்குச் சொன்னவர் அந்தந்தப் பள்ளி ஹெச்.எம்.தான். வாபஸானதும், போராடியவரும் கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கவேண்டும். அந்த முதல் மத்தியானத்தை ஒரு ஹெச்.எம். எப்படிச் சமாளித்தார் என்று யாராவது படமெடுத்தால் முதல் நாள், முதல் ஷோவுக்கே போவேன்.

எடுக்கமாட்டார்கள். கதவைச் சாத்தி டீ குடிக்கிற சீனுக்கு இன்டர்வெல் பிளாக் எங்கே சார் என்பார் தயாரிப்பாளர்.