‘டப்’ என்னும் ஆங்கில வினையும் ‘தப்பு’ என்னும் தமிழ் வினையும்

ஓசையைப் பின்பற்றி அமைந்த சொற்கள் மொழிகள் பலவற்றிலும் உள. அவற்றிடையே ஒப்புமை கண்டவுடன் பிறப்புறவு பேசப் புகுவாரும் பலர். ஆங்கிலத்தில் மெல்லத் தட்டுதலைக் குறிக்கும் ‘டப்’ என்னும் வினை, தமிழில் அடித்தலைக் குறிக்கும் ‘தப்பு’ என்பதினின்று தோன்றியது எனக் கருதல் எளிது.

பூண்டுலோயா முதலிய மலையகத் தோட்டங்களை அறிந்தார்க்கு இக்கருத்து இனிமை தரும். தொழிலாளரை விடியலிற் பிரட்டுக் களத்துக்கு அழைத்த பறை தப்பு; காமன் கூத்துக்கு உயிரளிப்பதும் அதுவே. துணியைக் கல்லில் அடித்து வெளுத்தலும் தப்புதல் எனப்படும். ‘பிரட்டு’ என்பது ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாதலின், மாற்றாகத் தமிழும் ஒரு சொல்லை ஈந்தது எனின் மகிழ்ச்சியே.

ஆயின் இனிமை வேறு; உண்மை வேறு. தட்டுதற் பொருளுடைய ‘டப்’ பழைய பிரெஞ்சு வினையொன்றோடு தொடர்புடையது; அதுவும் ஓசைவழிப் பிறந்ததே. கதவைத் தட்டுதலும் தாளமெழக் காலால் தட்டி ஆடுதலும் இதன்பாற்படும். இறப்பர் மரத்திற் பாலெடுத்தலைக் குறிக்கும் ‘டப்’ இதனின் வேறானது. பீப்பாயின் துளையை அடைக்கும் முளையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே அதற்கு மூலம். நீர்க்குழாயின் திருகுவாயும் தொலைபேசியை ஒட்டுக்கேட்டலும் அவ்வழியின. ஒரு மொழியுள்ளேயே ஒத்தொலிக்கும் இரு சொற்கள் உறவற்றனவாயின், கடல் கடந்த இரு மொழிகட்கு ஒலியொப்புமை ஒன்றே எங்ஙனம் சான்றாகும்?

பலகையைத் தட்டின் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே ஓசை எழும். அதனை நாவாற் போலச் செய்ய முயல்வோர், ஒருவரையொருவர் அறியாமலே ஒத்த சொற்களை ஆக்குதல் கூடும். ஆகவே, ஓசைச் சொல்லில் ஒப்புமை மிகுந்தோறும் ஐயமும் மிகுதல் வேண்டும்.

இதனால் ஓசைச் சொற்கள் ஆராய்ச்சிக்கு உதவா என்பதன்று. தொல்காப்பியர் இரட்டைக்கிளவிக்கு விதி வகுத்தார். எமனோ 1969 இல் இந்திய மொழிகளின் ஓசைச் சொற்களை ஆராய்ந்தபோது, தனிச் சொல்லோடு நில்லாது, அடியை இரட்டித்துச் சொல்லாக்கும் முறையையும் நோக்கினார். வெவ்வேறு குடும்பத்து மொழிகளிடையும் அம்முறை பரந்திருத்தலால், அது நெடுநாள் அயன்மைக்குச் சான்றாயிற்று. ஒரே குடிப்பிறப்புக்கு அன்று.

மாணாக்கர் இவ்வேறுபாட்டை உணர்தல் நன்று. தமிழின் தொன்மைக்குத் தக்க சான்றுகள் பல உள. நில்லாத சான்றொன்றை அவற்றோடு சேர்ப்பின், நிற்கும் சான்றுகளும் ஐயுறப்படும்.