கேட்காமல் போய்ச் சேர முடியுமா?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மேற்கு நோக்கி நடந்தால், கூட்டம் நம்மை மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அங்கே ஒரு கால்மணி நேரம் ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் பையும் குடும்பமுமாக வருவார். சுவரையும் பலகையையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு யாராவது ஒருவரை நிறுத்தி, "சார், எழும்பூர் போக எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்பார். பதில் கிடைத்த பின்னும் நம்பிக்கை வராது; பத்தடி தள்ளி இன்னொருவரைக் கேட்பார்.

இது அவருடைய அறியாமை என்றுதான் நாம் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. நாடகத்தையும் நாவலையும் விமரிசிப்பது போல ஒரு ரயில் நிலையத்தையும் விமரிசிக்கலாம். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: புதிதாக வரும் ஒருவர், யாரையும் கேட்காமல், தம் வண்டியின் தம் பெட்டிக்குப் போய்ச் சேர முடிகிறதா? கட்டடத்தின் அழகும் வயதும் அதற்குப் பிறகுதான்.

ஒரு சின்னக் கணக்கு

மாம்பலத்திலிருந்து எழும்பூர் சென்று, அங்கே திருச்சி, மதுரைப் பக்கம் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் பயணி எத்தனை இடங்களில் "இதுவா, அதுவா?" என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? எண்ணிப் பார்ப்போம். முதலில், எழும்பூரா சென்ட்ரலா? இரண்டாவது, மாம்பலத்தில் கடற்கரை நோக்கிச் செல்லும் வண்டி எந்த நடைமேடையில்? மூன்றாவது, எழும்பூரில் இறங்கியதும் எந்தப் படிக்கட்டு? நான்காவது, மேலே ஏறியதும் பாலத்தில் எந்தப் பக்கம்? ஐந்தாவது, எந்த நடைமேடைக்கு இறங்குவது? ஆறாவது, இறங்கிய பின் நம் பெட்டி முன்பக்கமா, பின்பக்கமா? ஆக ஆறு பிரிவழிகள்.

ஒவ்வொரு பிரிவழியிலும் பத்துக்கு ஒன்பது பேர் சரியாகவே போகிறார்கள் என்று கொள்வோம். பள்ளித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் நல்ல மதிப்பெண். ஆனால் நிகழ்தகவு கூட்டலில் நடப்பதில்லை, பெருக்கலில் நடக்கிறது. 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் கிடைப்பது 0.53. அதாவது, ஏறக்குறைய பாதிப் பேர் எங்கோ ஓரிடத்தில் தவறிவிடுகிறார்கள்! திரும்பி வர நேரமிருந்தால் வெறும் அலைச்சல். நேரமில்லாவிட்டால் வண்டி போய்விடும்.

இதிலிருந்து தப்ப இரண்டே வழிகள். பிரிவழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அது கட்டடக் கலைஞரின் வேலை. அல்லது ஒவ்வொரு பிரிவழியிலும் 0.9-ஐ 0.99 ஆக்கலாம்; அது பலகையும் ஒலிபெருக்கியும் செய்ய வேண்டிய வேலை. 0.99-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.94 வருகிறது. சென்னையின் இரண்டு பழைய நிலையங்களையும் இந்தக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

ஒரு நகரம், இரண்டு நிலையங்கள்

முதல் பிரிவழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. எழும்பூரா, சென்ட்ரலா? இந்தக் குழப்பத்தின் வேர் தண்டவாளத்தின் அகலம். சென்ட்ரலுக்கு வந்தது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. தென்னிந்திய ரயில்வே 1908 ஜூன் 11-இல் திறந்த எழும்பூருக்கு வந்தது 1000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே வடக்கும் மேற்கும் செல்வோர் சென்ட்ரலுக்கும், தெற்கே செல்வோர் எழும்பூருக்கும் போனார்கள். நம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் 1931-இல் மீட்டர் பாதையில்தான் தொடங்கியது. 2004-இல் அந்தப் பாதையில் அதன் ஓட்டம் முடிந்தது. இன்று எல்லாம் அகலப் பாதையே. காரணம் மறைந்துவிட்டது, பிரிவு மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

பயணச்சீட்டில் எழும்பூரின் குறியீடு எம்.எஸ்.; சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. கடற்கரை நிலையமோ எம்.எஸ்.பி. குறியீட்டை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர் ஏமாறினால் வியப்பென்ன? பயணச்சீட்டில் நிலையத்தின் முழுப் பெயரைத் தேடிப் படித்த பின்னரே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

சீப்பும் ஏணியும்

ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த சென்ட்ரல் நிலையம் 1873-இல் எழுந்தது. பின்னர் ராபர்ட் சிஷோம் அதில் மாற்றங்கள் செய்தார். தூரத்திலிருந்தே தெரியும் மணிக்கூண்டு, நிலையத்தின் முதல் வழிகாட்டி. அதன் அமைப்பைத் தலைமுடி சீவும் சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சீப்பின் முதுகில் நிற்கிறோம். நடைமேடைகள் பற்களைப் போல வரிசையாக நீள்கின்றன. தண்டவாளங்கள் நம் காலடியில் முடிந்துவிடுகின்றன. ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். எண்ணைப் பார்த்து நேரே நடந்தால் போதும். பெட்டியும் நமக்கு முன்னால்தான் இருக்க முடியும், பின்னால் இருக்க இடமே இல்லை. வழி தெரியாதவனுக்கு இதைவிட நல்ல அமைப்பு வேறில்லை.

ஆனால் பிற்காலச் சேர்க்கைகள் இந்த எளிமையைக் கெடுத்துவிட்டன. 2-க்கும் 3-க்கும் இடையில் "2ஏ" என்றொரு நடைமேடை. எண்ணத் தெரிந்த குழந்தைக்கும் 2-க்குப் பிறகு 3 தான். அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் புறநகர் வண்டிகளுக்கு, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் தனி நிலையம். மாம்பலத்திலிருந்து வருபவர் இறங்குவதோ சாலைக்கு எதிர்ப்புறமுள்ள பூங்கா நிலையத்தில். "சென்ட்ரல்" என்று மக்கள் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இத்தனை இடங்கள்!

எழும்பூரின் கதை வேறு. ஹென்றி இர்வின் வடிவமைத்து, ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டிய அந்தக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்தால் எங்கே நுழைய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் உயர்ந்த குவிமாடம், அதன் கீழே வாயில், இரு பக்கமும் ஒரே மாதிரியான சிறகுகள். சமச்சீர் அமைப்பு கண்ணை மையத்துக்கு இழுக்கிறது. கண் போகும் இடத்துக்குக் கால் போகிறது. இது பாராட்டுக்குரியது.

ஆனால் முகப்பு வழியாக வருபவருக்குத்தான் இந்த உதவி. புறநகர் வண்டிகளின் நடைமேடைகள் முகப்புக்கு நேர் எதிர்ப்பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. மின்சார ரயிலில் வருகிற மாம்பலத்துக்காரர் கட்டடத்தின் முதுகில் வந்து இறங்குகிறார். இர்வினின் குவிமாடம் அவருக்கு ஒரு வழியும் சொல்வதில்லை. எழும்பூர் சீப்பு அல்ல, ஏணி. தண்டவாளங்கள் நிலையத்தை ஊடுருவிச் செல்கின்றன. அவற்றைக் கடக்கப் பாலம் ஏற வேண்டும்.

இங்கே இயற்பியல் தலையிடுகிறது. ரயிலுக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுவதால் பாலம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். ஏறும் உயரம் 6.5 மீட்டர் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மாள் 15 கிலோ பெட்டியுடன் ஏறினால் செய்யும் வேலை 75 × 9.8 × 6.5, அதாவது சுமார் 4,800 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டையை 49 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு இது சமம்! சுரங்கப் பாதைக்கோ மனிதன் நிமிர்ந்து நடக்கும் உயரமும் கூரையின் தடிப்பும் போதும். ஏற்றம் ஏறக்குறைய 4 மீட்டரில் முடிந்துவிடும். சிலர் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கத் துணிவதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் வேகத்தை விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைத்தாலும், அது நிற்க 250 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதால் வண்டி நின்றுவிடாது.

காதுக்கு வருவது என்ன?

ஒலிபெருக்கி இருக்கிறதே என்பீர்கள். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் செல்கிறது. ஒரே அறிவிப்பு இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து வருகிறது. ஒன்று மற்றதைவிட 68 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், அதன் ஒலி 0.2 விநாடி பிந்தி வரும். நாம் ஓர் எழுத்தை உச்சரிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். "விழுப்புரம்" என்பதில் "ழு" காதில் விழும்போது முந்தைய "வி"யும் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். உயர்ந்த கூரையும் கல்சுவரும் இருந்தால் எதிர்முழக்கம் வேறு. நிதானமாகப் பேசினாலும் வார்த்தை கஞ்சியாகிவிடும். ஒலியைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல. எதிர்முழக்கமும் சேர்ந்தே கூடும். சக்தி குறைந்த பல ஒலிபெருக்கிகளை நெருக்கமாக, பயணிகளின் தலைக்கு அருகில் வைப்பதுதான் முறை.

2023 பிப்ரவரி இறுதியில் சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்புகளைச் சோதனையாக நிறுத்தி, திரைகளையே நம்பச் செய்தார்கள். இரைச்சல் குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் கண் தெரியாதவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், முதுகைத் திரையின் பக்கம் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் காது ஒன்றே வழி. தெளிவில்லாத பேச்சுக்கு மாற்று தெளிவான பேச்சே, மௌனம் அல்ல.

மூன்று சுழி ண

பலகைகளுக்கு வருவோம். குறையில்லாத கண் 6 மீட்டர் தூரத்தில் சுமார் 9 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படிக்கும். 30 மீட்டரில் 45 மில்லிமீட்டர் வேண்டும். வயதான கண், மங்கல் வெளிச்சம், அவசரம் எல்லாவற்றுக்குமாக அதை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆங்கில எழுத்துக்காக ஏற்பட்டது. நம் "ண"வில் மூன்று சுழிகள், "ன"வில் இரண்டு. அந்தச் சுழிகளின் இடைவெளியைக் கண் பிரித்தறிந்தால்தான் எழுத்து புரியும். ஆகவே மூன்று மொழிகளையும் ஒரே உயரத்தில் எழுதுவது பார்வைக்குச் சமநீதி, கண்ணுக்கு அநீதி. தமிழ் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் அது மற்றவற்றோடு சமமாகப் படிக்கப்படும்.

மின்னணுத் திரைகளில் இன்னொரு குறை. மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால், தமிழ் மட்டும் அறிந்தவர் தவறவிட்ட வரிக்காக 20 விநாடி காத்திருக்க வேண்டும். வண்டியே இரண்டொரு நிமிடம் நிற்கும் நிலையத்தில் 20 விநாடி சிறிய விஷயம் அல்ல.

என் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். ஊரின் பெயர் வேண்டாம். தமிழ் நன்றாகப் படிப்பார். வேறு மொழி தெரியாது. திரையில் தமிழ் வருவதற்காக நின்றார். வந்தபோது பெட்டியின் இடத்தைக் காணோம். வண்டியின் எண் மட்டும் இருந்தது. அவர் நின்றது ஒரு கோடி, பெட்டி நின்றது மறு கோடி. 22 பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்தால் வண்டியின் நீளம் சுமார் 550 மீட்டர். மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேம்பாலத்தின் நீளம் 570 மீட்டர். ஏறக்குறைய அதே தூரம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு ஏழரை நிமிடத்துக்கு மேலாகும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் பாதி தூரம் போவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியவர், முகம் பார்க்க முடியாமல் போயிற்று. "எனக்குத்தான் வெவரம் பத்தலை" என்று இன்றும் சொல்கிறார். ஆறாவது பிரிவழியில் பலகை இல்லாத குற்றத்தை அவர் தம் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நாம் செய்யக்கூடியது

பயணிக்கு என் யோசனைகள் இவை. நிலையத்தின் முழுப் பெயர், வண்டி எண், பெட்டி எண் மூன்றையும் ஒரு தாளில் பெரிதாகத் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை தெரிந்ததும் முதல் வேலையாகப் பெட்டி நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு அங்கே போய் உட்காருங்கள். எழும்பூரில் பாலத்துக்கென்று பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஆனால் பயணியின் சாமர்த்தியம் நிலையத்தின் குறைக்கு ஈடாகாது. எழும்பூரைச் சீரமைக்கும் 700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்துக்கு 2022 மே 26-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய முகப்பைக் காப்பது அவசியமே. அதோடு, புறநகர் வண்டியில் வந்து முதுகுப்பக்கம் இறங்குபவருக்கும் இர்வின் முகப்பில் கொடுத்த தெளிவைக் கொடுக்க வேண்டும். கண்ணாடியும் கடைகளும் எத்தனை வந்தாலும் பிரிவழிகள் பெருகினால் அது முன்னேற்றமாகாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை எந்த நிலையத்துக்குப் போனாலும் ஒரு சோதனை செய்யுங்கள். வாசலிலிருந்து வண்டி வரை பிரிவழிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் தமிழ்ப் பலகை இருக்கிறதா, எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததை நிலைய மேலாளருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். "வழியே தெரியவில்லை" என்ற புலம்பலை ஒதுக்கிவிடுவது எளிது. "நான்காவது பிரிவழியில் பலகை இல்லை" என்ற அளவீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.